407 வண்டி புகை டெஸ்ட்ல ரெண்டு தடவ பெயில், எஃப்சிக்கு 12 நாள்தான் இருக்கு, வழி சொல்லுங்க

ஒட்டன்சத்திரம்_407:

எல்லாருக்கும் வணக்கம்ணே. எங்கப்பா வாங்குன டாடா 407 டர்போ சின்ன லாரி, 2012 மாடல், பிஎஸ் 3 (புகைக்கு அரசு வெச்ச பாரத் ஸ்டேஜ் தரத்துல மூணாவது) வண்டி, இப்ப நான்தான் ஓட்டுறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய் ஏத்தி பொள்ளாச்சி வழியா பாலக்காடு, திருச்சூர்னு போவேன், சில நாள் கொடைக்கானலுக்கு உரமூட்டை ஏத்திட்டுப் போய் இறங்குறப்ப கேரட், பூண்டுன்னு கொண்டு வருவேன். வர்ற 24ஆம் தேதியோட எஃப்சி, அதான் வண்டி ஓட்டத் தகுதின்னு ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்குற பிட்னஸ் சர்டிபிகேட், முடியுது. பெயிண்ட் அடிச்சாச்சு, ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, எல்லா வீலையும் கழட்டி பிரேக் லைனிங் பாத்தாச்சு, ஸ்பீடு கவர்னரும் ஓகே, கடைசியா புகை சர்டிபிகேட் எடுக்கப் போனா மிஷின்ல 4.38 காட்டுது. நம்ம வண்டிக்கு 2.45க்குள்ள இருக்கணும்னு சொல்லிட்டாங்க. சரி மிஷின்ல ஏதோ கோளாறுன்னு மறுநாள் வேற சென்டர்ல போய் விட்டேன், அங்க 4.12.

மெக்கானிக்ட்ட காட்டுனா இன்ஜின் போச்சுப்பா, ரிங் பிஸ்டன் லைனர் எல்லாம் மாத்தி முழுசா இறக்கி ஏத்தணும், 80,000 கிட்ட ஆகும்னு சொல்றாரு. அம்புட்டுக் காசு இப்ப கையில இல்லண்ணே, போன மாசம்தான் இன்சூரன்ஸ் கட்டுனேன். இன்னொருத்தர் வந்து வண்டியவே கொண்டு வர வேணாம், 3,000 கொடு, சர்டிபிகேட் வந்துரும்ங்கிறாரு. எனக்கு அதுல மனசு ஒப்பல. அப்பா 12 வருஷம் இந்த வண்டிய நேர்மையா ஓட்டுனாரு, இதுவரைக்கும் ஒரு பேப்பர் கூட பொய்யா இருந்ததில்ல.

இன்னொன்னும் சொல்லணும். மார்க்கெட்ல ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்னாடி நின்னு கை காட்டுற லோடுமேன் அண்ணன் ஒருத்தர், துண்ட எடுத்து மூக்குல கட்டிக்கிட்டுதான் இப்ப என் வண்டிக்கு கை காட்டுறாரு, பக்கத்து வண்டிக்கெல்லாம் அப்படிச் செய்யல. அதப் பாத்த அன்னைக்கே இத சரி பண்ணணும்னு தோணிருச்சு. இன்ஜின் இறக்காம இந்தப் புகைய குறைக்க வழி இருக்கா?


பாலக்காடு_ரூட்:

தம்பி மொதல்ல புகை என்ன கலர்னு சொல்லு. அப்புறம் டெஸ்டுக்குப் போறப்ப வண்டி சூடா இருந்துச்சா? நெறைய பேரு பண்ற தப்பு அதுதான், காலைல வீட்டுல ஸ்டார்ட் பண்ணி பக்கத்துத் தெருவுல இருக்குற சென்டருக்கு நேராப் போய் நிப்பாட்டிருவாங்க, பச்ச இன்ஜின்ல மிதிச்சா எந்த வண்டியும் புகைய அதிகமாத்தான் துப்பும். குறைஞ்சது 25 கிலோமீட்டர் ஓட்டிட்டு, முடிஞ்சா லோடோட ஓட்டிட்டு, ஆஃப் பண்ணாம நேரா போய் விடு. என் வண்டிக்கு 2.7 காட்டுனது அப்படிப் போய் நின்னப்ப 2.1க்கு வந்துச்சு. ஆனா 4.38ங்கிறது சூட்டுல மட்டும் இறங்குற நம்பர் இல்ல, உள்ள ஏதோ இருக்கு. வெவரம் சொல்லு.


ஒட்டன்சத்திரம்_407:

நல்ல கருப்புண்ணே, மிதிச்சா பின்னாடி வர்ற பைக்காரன் மறைஞ்சு போற மாதிரி. நின்னுட்டு ஐடிலிங்ல இருக்கப்ப பெருசா ஒண்ணும் தெரியாது. ஆயில் குறையவே இல்ல, சர்வீஸ் விட்டு 6,000 கிலோமீட்டர் ஓடியும் டிப்ஸ்டிக்ல லெவல் அப்படியே இருக்கு. ரேடியேட்டர்லயும் தண்ணி குறையல. மைலேஜ்தான் முன்னாடி லோடோட 9 கொடுத்தது இப்ப 7.5தான் வருது. நீங்க சொன்ன மாதிரி பச்ச இன்ஜின்லதான் போனேன், சென்டர் எங்க வீட்டுலருந்து அரை கிலோமீட்டர்.


பம்பு_ரூம்_கோவை:

தம்பி, நான் 31 வருசமா கோவைல டீசல் பம்பு, அந்த டீசல இன்ஜினுக்குள்ள தெளிக்கிற நாசில், இந்த வேலைதானுங்க பாக்குறேன். நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்குதுங்க, மெக்கானிக் பேச்சக் கேட்டு இன்ஜின இறக்கிறாதீங்க.

ஆயில் குறையல, தண்ணி குறையலன்னு சொல்றீங்க. ரிங் தேஞ்சிருந்தா ஆயில் மேல ஏறி எரிஞ்சு நீலமா புகை வரும், டிப்ஸ்டிக்ல லெவல் இறங்கும், ஆயில் ஊத்துற மூடிய கழட்டுனா புஸ்ஸுன்னு காத்து அடிக்கும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தா வெள்ளையா வரும், தண்ணி குறையும். உங்களுக்கு ரெண்டும் இல்ல, கருப்பு மட்டும்தான். கருப்புன்னா ஒரே அர்த்தம்தானுங்க, உள்ள போற டீசலுக்குப் போதுமான காத்து இல்ல, எரியாத டீசல் கரியா வெளிய வருது. அதனால காத்து ஏன் குறையுதுன்னு மொதல்ல பாக்கணும், அதுக்கப்புறம்தான் டீசல் பக்கம் கை வெக்கணும். பாதிப் பேரு இதத் தலகீழாப் பண்றாங்க, எடுத்த எடுப்புல பம்புல கைய வெச்சர்றாங்க.

அந்த மிஷின் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குங்க. சைலன்சர்ல இருந்து வர்ற புகைய ஒரு குழாய்க்குள்ள விட்டு அந்தப் பக்கம் லைட்ட அடிக்குது, எவ்வளவு லைட்ட புகை மறைக்குதுன்னு பாத்துத்தான் நம்பர் சொல்லுது. பிஎஸ் 3 வரைக்கும் இருக்குற டீசல் வண்டிக்கு 2.45, பிஎஸ் 4 வண்டிக்கு 1.62. நியூட்ரல்ல நிப்பாட்டி ஐடிலிங்ல இருந்து ஆக்சிலேட்டர சட்டுன்னு முழுசா மிதிச்சு, இன்ஜின் கவர்னர் இதுக்கு மேல ஏறாம கட் பண்ற வேகம் வரைக்கும் போனதும் விட்டுறணும், இப்படிப் பல தடவ. ஒண்ணோட ஒண்ணு ஒத்து வர்ற ரீடிங்க எடுத்துத்தான் சராசரி போடும். மிதிக்கிற ஆளு பாதி மிதிச்சு, நடுவுல நிறுத்தி, திரும்ப மிதிச்சா ரீடிங் கன்னாபின்னான்னு வரும். இன்ஜின் ஆயில் சூடு 60 டிகிரிக்கு மேல இருக்கணும்னு முறையே இருக்கு, அதனால பாலக்காடு தம்பி சொன்னது சரி, சூடாத்தான் போகணும்.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். ஒரு கேள்வி கேக்குறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு ரெண்டு வருசத்துக்குள்ள வண்டி மலைல இழுக்கலன்னு யார்ட்டயாவது காட்டி, அவங்க பம்புல ஸ்க்ரூ எதையாவது திருப்பிவிட்டாங்களா? ஐடிலிங்ல புகை இல்லாம மிதிக்கிறப்ப மட்டும் இவ்வளவு கருப்பா வருதுன்னா எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருது. பம்புல சீல் கம்பி இருக்கான்னு பாருங்க, புது வண்டியா வர்றப்ப ஈயத்துல முத்திரை போட்டு கம்பி கட்டியிருக்கும், அது அறுந்திருந்தா யாரோ கை வெச்சிருக்காங்க.

பாக்க வேண்டிய வரிசை சொல்றேன். ஏர் பில்டர மொதல்ல புதுசு போடுங்க, பழச கம்ப்ரசர்ல ஊதி ஊதிப் போடாதீங்க, காயிதம் நஞ்சு போய் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அந்தத் தூசி, காத்த அமுக்கி இன்ஜினுக்கு அனுப்புற டர்போவோட விசிறிய அரிச்சிரும். பில்டரக் கழட்டி வெச்சுட்டு டெஸ்டுக்குப் போங்கன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, டர்போ வண்டில ஒரு சின்ன நட்டு உள்ள போனாலும் தொலைஞ்சது. அடுத்தது டர்போவுல இருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸ். இதுதான் முக்கியம். மேல நின்னு பாத்தா நல்லாத்தான் தெரியும், கீழ்ப்பக்கம்தான் வெடிச்சிருக்கும், ஏன்னா ஆயில் ஆவி தேங்குறது அடில. இன்ஜின ஆஃப் பண்ணி ஆறவிட்டு, ஹோஸக் கழட்டி கைல வெச்சு வில்லு மாதிரி வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா வாயப் பொளந்துக்கும். கிளிப்பு ரெண்டும் பாருங்க.

ஹோஸ் வெடிச்சா என்ன ஆகும்னா, டர்போ அமுக்கி அனுப்புற காத்து பாதி வெளிய போயிரும், வண்டி இழுக்காது. இழுக்கலன்னு போய் நின்னா பம்பு ஸ்க்ரூவ ஏத்தி டீசல அதிகமா விட்டுருவாங்க. கொஞ்சம் இழுக்கும். ஆனா ஏற்கெனவே காத்து இல்ல, அதுல டீசலும் கூடிப்போச்சு, அப்புறம் கரி துப்பாம என்ன பண்ணும் சொல்லுங்க. நான் பாத்த கருப்புப் புகை டர்போ வண்டில நெறைய இந்தக் கதைதானுங்க.

இது ரெண்டும் பாத்துட்டு நாசில கழட்டி டெஸ்டர்ல போட்டுப் பாக்கணும். நல்ல நாசில் கர்ர்னு சத்தத்தோட பனி மாதிரி அடிக்கும், அடிச்சு முடிச்சதும் முனை காஞ்சிருக்கும். கெட்டுப்போன நாசில் ஒண்ணுக்குப் போற மாதிரி கோடா ஊத்தும், முனைல சொட்டு நிக்கும். டெஸ்டர்ல அடிக்கிறப்ப கைய முன்னாடி நீட்டிறாதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலக் கிழிச்சு உள்ள ஏறிரும், எங்கிட்ட வேல பாத்த பையன் ஒருத்தன் விரல்ல ஆபரேசன் வரைக்கும் போயிட்டான். திரும்ப மாட்டுறப்ப அடில இருக்குற செம்பு வாசர் புதுசு போடணும், அது 10, 20 ரூவாதான், பழசையே போட்டா கேஸ் லீக்காகும். வால்வத் தொறக்குற டேப்பெட்டோட இடைவெளியையும் அப்பவே செட் பண்ணிருங்க.


தேனி_லாரி:

இம்புட்டு எதுக்கு, அந்த ஸ்க்ரூவ டெஸ்டுக்கு முன்னாடி டீசல் குறையுற பக்கமாத் திருப்பிவிட்டு போய் விடு, சர்டிபிகேட் வாங்குனதும் பழையபடி ஏத்திக்க. நாங்க இப்படித்தான் வருஷம் ரெண்டு தடவ பண்றோம், பிஎஸ் 3க்கு ஆறு மாசம்தான சர்டிபிகேட்.


பம்பு_ரூம்_கோவை:

வேண்டாங்க. ஸ்க்ரூ டிரைவர்ல அரைத் திருப்பு, கால் திருப்புன்னு யாரும் கண்ணால அளக்க முடியாது. ஒரு தடவ அளவுக்கு மேல திருப்புனா எல்லா சிலிண்டருக்கும் டீசல் கூடி எக்ஸாஸ்ட் சூடு ஏறும், மலைல லோடோட நிக்காம ஏர்றப்ப பிஸ்டன் தலை உருகி ஓட்டையாகி வந்த வண்டிய நான் பட்டறைல பாத்திருக்கேன். குறைச்சாலும் ஏத்துனாலும் காலிபரேசன் மிஷின்ல பம்ப மாட்டி, எத்தனை சுத்துக்கு எத்தனை டீசல் போகணும்னு அந்த வண்டிக்கு உள்ள அளவு வெச்சுத்தான் செட் பண்ணணும், அப்புறம் சீல் கட்டணும். ஒட்டன்சத்திரம் தம்பி, உங்க வண்டி 9 கொடுத்த எடத்துல 7.5 மைலேஜ் கொடுத்தா 100 கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கும் மேல வீணாக் கரியாப் போகுது, அந்தக் காசுல காலிபரேசன் செலவு கொஞ்ச நாள்லயே திரும்பிரும்.


ஒட்டன்சத்திரம்_407:

ஐயா, நீங்க கேட்டதப் படிச்சதும் எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. ஆமாங்கய்யா, ஒண்ணரை வருஷம் முன்னாடி கொடைக்கானல் ஏத்தத்துல செகண்ட் கியர்லயே தவழ்ந்துச்சு, பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள மூணு தடவ ஓரங்கட்டுனேன். வத்தலக்குண்டுல ஒருத்தர்ட்ட காட்டுனேன், பம்புல ஏதோ திருப்பி 500 ரூபா வாங்குனாரு, அன்னைக்கு நல்லா இழுத்துச்சு, நானும் சந்தோஷமா வந்துட்டேன். புகை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கு, நான்தான் ரெண்டையும் சேத்து யோசிக்கல.

இன்னைக்குக் காலைல நீங்க சொன்னபடி ஹோஸக் கழட்டிப் பாத்தேன். மேல பளபளன்னு இருக்கு. கைல வெச்சு வளைச்சேன், அடில என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, உள்ள துணி நூல் வெளிய தெரியுது, ஓரமெல்லாம் கருப்பா எண்ணெப் பிசுக்கு. அதுக்கு நேரா கீழ சேசிஸ்லயும் ஒரு கருப்புத் திட்டு படிஞ்சிருக்கு, நான் அது இன்ஜின் ஆயில் லீக்குன்னு நெனச்சு ரெண்டு தடவ துடைச்சு விட்டிருக்கேன். பம்புல சீல் கம்பியும் இல்ல. திண்டுக்கல்ல ஹோஸ் 750 ரூபாய்க்கு வாங்குனேன், கிளிப்பு ரெண்டும் புதுசு, ஏர் பில்டரும் போட்டாச்சு. ஓட்டிப் பாத்தேன், மலைக்கெல்லாம் போகல, செம்பட்டி ரோட்டுலயே வித்தியாசம் தெரியுது, தேர்டு கியர்ல மிதிச்சா நெஞ்சுல தள்ளுது. புகை குறைஞ்சிருக்கு ஆனா இன்னும் இருக்கு. சூடா கொண்டு போய் சும்மா ரீடிங் மட்டும் பாத்தேன், 2.96.


பம்பு_ரூம்_கோவை:

நல்லதுங்க தம்பி. இப்ப காத்து சரியாயிருச்சு, டீசல்தான் இன்னும் கூட. நாசில் நாலும் கழட்டி டெஸ்ட், பம்பு காலிபரேசன், ரெண்டையும் ஒரே நேரத்துல கொடுத்துருங்க. திண்டுக்கல்லயே மிஷின் வெச்சிருக்குற பம்பு ரூம் இருக்கும், வேலை முடிஞ்சதும் காலிபரேசன் ரீடிங் எழுதுன சீட்டு கேட்டு வாங்குங்க, சீல் கட்டுனாங்களான்னு நின்னு பாருங்க. டேங்க்ல அடியில இருக்குற வண்டலையும் ஒரு தடவ இறக்கி டீசல் பில்டர் மாத்திருங்க, இல்லன்னா புது நாசில் ஒரே மாசத்துல அடைச்சுக்கும். அப்புறம் ஒண்ணு, வேலை முடிஞ்ச உடனே டெஸ்டுக்குப் போயிறாதீங்க. சைலன்சருக்குள்ள ஒண்ணரை வருசக் கரி படிஞ்சு கெடக்குது, மிதிக்கிறப்ப அது உதிர்ந்து ரீடிங்ல வந்துரும். ஒரு லோடு அடிச்சு வாங்க, நல்லா ஊதித் தள்ளட்டும், அப்புறம் போங்க.


டிரைவர்_மகள்:

நான் வண்டி ஓட்டுறவ இல்ல, எங்கப்பா 28 வருஷம் லாரி டிரைவர், நான் ஒரு ஆஸ்பத்திரில நெஞ்சுச்சளிப் பிரிவுல நர்ஸா இருக்கேன். தம்பி அந்த லோடுமேன் அண்ணனப் பத்தி எழுதுனதுனாலதான் இத எழுதுறேன். டீசல் புகைய 2012லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சிட்டாங்க, புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருக்குற அதே பிரிவு. அந்தக் கரித்தூள் ரொம்பப் பொடி, துண்டு கட்டுனாலும் துணி வழியா உள்ள போயி நுரையீரலோட கடைசி வரைக்கும் போகும். எங்க வார்டுக்கு மூச்சுத் திணறலோட வர்றவங்கள்ட்ட என்ன வேலை பாத்தீங்கன்னு கேப்போம், மார்க்கெட், லாரி செட், செக்போஸ்ட்னு சொல்றவங்க நெறைய. பீடியே தொட்டதில்லம்மாங்கிறாங்க, எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு, இப்ப மாடிப்படி பத்து ஏறுனா நின்னுதான் ஏறுறாரு.

அந்த 3,000 ரூபா சர்டிபிகேட்ட வாங்காம விட்டதுக்கு உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன் தம்பி. வண்டி கேபின்லயும் பாருங்க, கியர் லீவர் அடில இருக்குற ரப்பர் கிழிஞ்சிருந்தா புகை உள்ள வரும், மொதல்ல குடிக்கிறது நீங்கதான்.


பாலக்காடு_ரூட்:

அக்கா சொன்னது மனசுல தைக்குது. நான் நாளைக்கே என் கேபின் ரப்பரப் பாக்குறேன்.

தம்பி ஒரு விசயம், பேப்பர் இல்லாம மட்டும் ரோட்டுல ஏறிறாத, புகை சர்டிபிகேட் இல்லன்னா சட்டத்துல 10,000 வரைக்கும் அபராதம் இருக்கு. இப்ப எல்லாம் ஆன்லைன்ல ஏறுது, வண்டி நம்பர் பிளேட்டோட போட்டோ எடுத்துத்தான் ஏத்துறாங்க, நம்பர் தட்டுனா எல்லாம் வந்துரும். நம்பர் பிளேட் தெளிவா இருக்கான்னு பாத்துட்டுப் போ, சேறு அப்பியிருந்தா கேமரா எடுக்காம அங்க ஒரு அரைமணி நேரம் போயிரும்.


ஒட்டன்சத்திரம்_407:

மன்னிச்சுக்கங்க, நாலு நாளா எழுத முடியல, பம்பு ரூம்லயே கெடந்தேன்.

நாலு நாசில்ல ரெண்டு நல்லா இருந்துச்சு, மூணாவது சிலிண்டர் நாசில் ஐயா சொன்ன மாதிரி அப்படியே கோடா ஊத்துச்சு, முனைல சொட்டு தொங்குது, இன்னொன்னு அழுத்தம் கம்மி. ரெண்டுக்கும் முனை மாத்துனாங்க. பம்ப மிஷின்ல மாட்டி ஓட்டுறப்ப கூடவே நின்னு பாத்தேன், வரிசையா கண்ணாடிக் குழாய்ல டீசல் விழுகுது, எங்க வண்டிக்கு உள்ள அளவுக் கோட்டத் தாண்டி நாலு குழாய்லயும் மேல நின்னுச்சு. அந்தப் பெரியவர் என்னயக் கூப்புட்டு, பாருய்யா இம்புட்டும் உன் காசுன்னு கோட்டுக்கு மேல இருக்குறத விரல வெச்சுக் காட்டுனாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அளவுக்குக் கொண்டு வந்து, சீல் கம்பி கட்டி, சீட்டும் எழுதிக் கொடுத்தாரு.

செலவு மொத்தமும் சொல்றேன், வேற யாருக்காவது ஒதவும். பம்பு காலிபரேசன் 6,500, நாசில் முனை ரெண்டு, டெஸ்டிங், வாசர் எல்லாம் சேத்து 3,400, ஹோஸ் கிளிப்போட 900, ஏர் பில்டர் 1,100, டீசல் பில்டர் 600, டேப்பெட் செட்டிங், மாட்டுகூலி 1,500. ஆக 14,000. 80,000ன்னு கேட்டப்ப வண்டிய வித்துறலாமான்னு வீட்டுல பேச்சு வந்துச்சு, அப்பா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயி வண்டிகிட்ட உக்காந்திருந்தாரு.

நேத்து ராத்திரி தக்காளியும் முருங்கக்காயும் ஏத்தி பாலக்காடு போயிட்டு வந்தேன். காலைல வர்ற வழிலயே இன்ஜின ஆஃப் பண்ணாம நேரா சென்டர். மிதிக்கிற பையன்ட்ட தம்பி முழுசா மிதிச்சு கட்டானதும் விடுன்னு மட்டும் சொன்னேன். 1.71. மிஷின்ல இருந்து அந்தச் சீட்டு வெளிய வர்ற வரைக்கும் நான் மூச்சு விடலண்ணே. 22ஆம் தேதி எஃப்சிக்கு ஸ்லாட் போட்டாச்சு, பிரேக் இன்ஸ்பெக்டர் கேக்குற பேப்பர் எல்லாம் பைல்ல வரிசையா வெச்சாச்சு. வண்டி 8 வருஷம் தாண்டுனதால வருஷா வருஷம் எஃப்சி, அடுத்த புகை சர்டிபிகேட் ஆறு மாசத்துல, ரெண்டையும் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிட்டேன்.

சாயங்காலம் மார்க்கெட்ல ரிவர்ஸ் எடுத்தேன். அந்த லோடுமேன் அண்ணன் பழக்கத்துல துண்டுல கைய வெச்சவரு, அப்படியே விட்டுட்டு சைலன்சரப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, என்னடா புது வண்டியான்னு கேட்டாரு.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. இந்தப் புது ஹோஸும் அதே மாதிரி அடில வெடிக்காம இருக்க என்ன பண்ணணும்?


பம்பு_ரூம்_கோவை:

ரொம்ப சந்தோசமுங்க தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. சர்வீசுக்கு விடுறப்ப எல்லாம் அந்த ஹோஸக் கழட்டி உள்ள தேங்குன எண்ணெயத் துணில துடைச்சு, வளைச்சுப் பாத்துட்டு மாட்டுங்க. கிளிப்ப ரொம்ப முறுக்காதீங்க, ரப்பர வெட்டிரும். டர்போவுல இருந்து எண்ணெ கொஞ்சம் கசியுறது சகஜம், ஆனா ஹோஸச் சாய்ச்சா ஒழுகுற அளவுக்கு இருந்தா டர்போ சீல் போகுதுன்னு அர்த்தம், அப்ப ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.